கேள்வி கேட்க முடியாத அதிகாரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மனிதன் அடிப்படையில் சுயநலக்காரன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தண்டிக்க ஆள் இல்லை என்று தெரிந்தால் நம்மில் எத்தனை பேர் ஒழுங்காக இருப்போம்? ஆங்கிலேயத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் சொன்னதுபோல, கேள்வி கேட்க முடியாத வலுவான அதிகாரம் இருந்தால்தான் சமூகம் நிற்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அதிகாரம் வேண்டும் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. நீங்கள் சொல்லும் காரணம்தான் எனக்கு ஒத்துவரவில்லை.

ஹாப்ஸ் ‘லெவியதான்’ நூலை வெளியிட்டது 1651இல். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்து, மன்னர் முதலாம் சார்லஸின் தலை 1649இல் வெட்டப்பட்டிருந்த காலம். மனிதர்கள் மோதிக்கொள்ள அவர் மூன்று காரணங்கள் சொல்கிறார்: போட்டி, அவநம்பிக்கை, புகழாசை. நீங்கள் சுயநலம் என்பது முதலாவதை. எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது. தூங்கப் போகும்போது கதவைத் தாழிடுகிறாய், வீட்டுக்குள்ளேயே பெட்டியையும் பூட்டுகிறாய், அப்படியானால் உன் பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார் ஹாப்ஸ். பெட்டியைப் பூட்டுகிறவன் திருடன் இல்லையே! அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்தாலும், அவன் முந்திக்கொள்வானோ என்ற பயத்திலேயே கை ஓங்கிவிடும். பொது அதிகாரம் தேவைப்படுவது இந்தப் பயம் தணிவதற்குத்தான்.

சரி, அந்த அதிகாரத்தைக் கண்டே பயப்பட வேண்டியிருந்தால்? ஒருவருக்குக் கீழ்ப்படிவோம் என்று எல்லோரும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலிருந்துதான் அதிகாரம் பிறக்கிறது என்கிறார் ஹாப்ஸ். அந்த ஒப்பந்தம் மக்கள் தங்களுக்குள் செய்துகொள்வது. ஆள்பவர் அதில் ஒரு தரப்பே கிடையாது. அதனால் அவர் ஒப்பந்தத்தை மீறிவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மனிதர்கள் எல்லோரும் சுயநலக்காரர்கள் என்றால் ஆள்பவர் மட்டும் வானத்திலிருந்து குதித்தவரா? பின்னால் வந்த இன்னொரு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் இந்த இடத்தில்தான் மடக்கினார்: மரநாயும் நரியும் கடித்துவிடும் என்று பயந்து, சிங்கம் தின்றால் அதுவே பாதுகாப்பு என்று நினைக்கும் அளவுக்கு மனிதர்கள் முட்டாள்களா?

ஹாப்ஸுமே எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொல்லவில்லை. தன்னைக் கொல்ல வருகிறவரை எதிர்க்கும் உரிமை, நியாயமாகத் தண்டிக்கப்பட்டவனுக்கும் உண்டு என்கிறார். நம்மைக் காக்க முடிகிறவரைதான் ஆள்பவருக்குக் கீழ்ப்படியும் கடமையும்.

தண்டிக்க ஆள் வேண்டும் என்கிறீர்கள். வேண்டும்தான். அமெரிக்க அரசியல் அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் எழுதிய நூலில் சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தைப் பற்றிச் சொல்கிறார். குளிர்காலத்தில் தன்னால் எத்தனை மாடுகளுக்குத் தீனி போட முடியுமோ, அத்தனையைத்தான் ஒருவர் பொது மேய்ச்சல் நிலத்துக்கு அனுப்பலாம் என்று அங்கே 1517இலேயே விதி இருந்தது. மீறினால் அபராதம். அபராதம் போட அதிகாரியும் உண்டு. அவரைத் தேர்ந்தெடுப்பது மாடு வைத்திருப்பவர்களின் ஆண்டுக் கூட்டம். விதிகளைப் பேசி முடிவுசெய்வதும் அதே கூட்டம். அவர்களும் சுயநலக்காரர்கள்தான். தங்கள் மாட்டுக்குப் புல் வேண்டும் என்பதற்காகத்தான் அங்கே வந்து உட்கார்ந்தார்கள்.