மொட்டை மாடிக்கு அவரை அனுப்பியது யார்?

கேள்வி: என் கணவர் ஜோர்டானில், இர்பித் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்ட 12 நாளும் அங்கேதான் இருந்தார். ராத்திரி சைரன் அடித்தால் மொட்டை மாடிக்குப் போய் வீடியோ காலில் வானத்தைக் காட்டுவார், பையன் விடாமல் கேட்பான், அதனால். இப்போது லீவில் வந்திருக்கிறார், அடுத்த மாதம் திரும்ப வேண்டும். வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. சொந்தக்காரர்கள் 'ஜோர்டான்தான் சண்டையிலேயே இல்லையே' என்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அனுப்பலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: ஊர் மாறும், சண்டை மாறும், 'அனுப்பலாமா' என்கிற கடிதம் மட்டும் எனக்கு வந்துகொண்டே இருக்கும். அதற்கு அப்புறம் வருகிறேன். 'பையன் விடாமல் கேட்பான், அதனால்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்களே அம்மா, நான் அங்கேயே நின்றுவிட்டேன். சைரன் அடித்தால் அந்த ஊரில் எல்லாரும் உள்ளே ஓடுகிறார்கள், உங்கள் வீட்டுக்காரர் மட்டும் படியேறி மேலே போகிறார், ஏனென்றால் இங்கே ஒரு குழந்தை வேடிக்கை கேட்கிறது. போனைப் பிடித்துக்கொண்டிருந்தது யார்? நீங்கள்தானே?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் பொது எல்லை கிடையாது. நடுவே ஈராக், சிரியா, ஜோர்டான். ஏவுகணை போவதும் இவர்கள் தலைக்கு மேலேதான், அதை மறித்து அடிப்பதும் பல நேரம் இவர்கள் தலைக்கு மேலேதான். தன் வான்வெளிக்குள் வந்ததை ஜோர்டான் விமானப்படையும் சுட்டு வீழ்த்தியது. சரி, சுட்டது எங்கே போகும்? ஆவியாகவா போகும்? ஏவுகணையின் உடைந்த உடம்பு, எரிபொருள் தொட்டி, அதை அடிக்கப் போன இன்னொரு ஏவுகணையின் மிச்சம், எல்லாம் கீழே வந்தாக வேண்டும். ரொம்ப உயரத்தில் நடக்கிற காரியம் என்பதால் முதலில் வெளிச்சம் தெரியும், சத்தம் பிந்தி வரும், இரும்பு வந்து சேர இன்னும் சில நிமிஷம் ஆகும். 'ஆஹா, வெடிச்சுடுச்சு பாரு' என்று உங்கள் பையன் கைதட்டுகிற நேரம் இருக்கிறதே, அவன் அப்பா கூரைக்கு அடியில் இருந்தே ஆகவேண்டிய நேரம் அதுதான்.

நடக்காததைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. 2024 ஏப்ரலில் ஈரான் 300க்கு மேற்பட்ட டிரோன்களும் ஏவுகணைகளும் அனுப்பிய ராத்திரி, ஜோர்டான் தலைநகர் அம்மானில் மர்ஜ் அல் ஹமாம் பகுதியில் வீடுகளுக்கு நடுவே சிதறல்கள் விழுந்தன. 2025 ஜூனில் உங்கள் கணவர் இருந்த அதே இர்பிதில் ஒரு வீட்டின் மேல் விழுந்து ஆட்களுக்குக் காயம். இன்னொன்றும் சொல்கிறேன். 2024 அக்டோபர் 1 அன்று ஈரான் சுமார் 180 ஏவுகணைகளை இஸ்ரேல் மேல் வீசியது. அதில் இறந்ததாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவரும் இஸ்ரேலியர் இல்லை. காசாவிலிருந்து வேலைக்கு வந்து, ஊர் திரும்ப முடியாமல் மேற்குக் கரையில் ஜெரிகோ பக்கம் தங்கியிருந்த ஒரு பாலஸ்தீனத் தொழிலாளி. தெருவில் நின்றவர் மேல் ஏவுகணையின் பெரிய குழாய்த் துண்டு வந்து விழுந்தது. அவரை யாரும் குறிவைக்கவில்லை. உங்கள் சொந்தக்காரர்கள் சொல்கிற 'சண்டையிலேயே இல்லையே'வின் லட்சணம் இதுதான்.

அதற்காக ஜோர்டானைப் போர்க்களம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஜூனில் இஸ்ரேலில் மாட்டிக்கொண்ட நம்மவர்களை அரசாங்கம் ஜோர்டான் வழியாகவும் கூட்டிவந்தது. அவர் போகட்டும், கடன் உங்களுடையது, வட்டி கட்டப்போவது நான் இல்லை. ஆனால் சம்பாதிக்கப் போன மனுஷனுக்கு வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டு, அவரைப் பத்திரமாக இருக்க விடுவது. பணம் அனுப்புகிறவர்தானே, கேட்டதையெல்லாம் காட்டட்டும் என்று நாம் பழகிவிட்டோம். அவரும் பாவம், வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கிற பிள்ளையிடம் 'முடியாது' என்று சொல்லத் தெரியாமல் மாடி ஏறியிருக்கிறார். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். பையன் அழுதிருப்பான். அழட்டுமே! அடுத்த வீட்டில் விழப்போகிற இரும்பைத் தீபாவளி வாணம் மாதிரி ரசிக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள் இரண்டு பேரும்தான்.

இனி சைரன் அடித்தால் கீழ்த்தளம், ஜன்னல் இல்லாத உள்சுவர் ஓரம், ஆபத்து நீங்கியது என்று அறிவிக்கும் வரை அங்கேயே. தெருவிலோ மாடியிலோ விழுந்து கிடப்பதைத் தொடக்கூடாது, போட்டோ எடுக்கப் பக்கத்தில் போகக்கூடாது, அதில் வெடிக்காத மருந்தும் விஷமான எரிபொருளும் மிச்சம் இருக்கலாம். போனதும் அம்மானில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துகொள்ளட்டும். பாஸ்போர்ட் அவர் கையில் இருக்கிறதா, கம்பெனி பீரோவிலா என்றும் கேளுங்கள், வான்வெளியை மூடித் திறக்கிற நாளில் அது இல்லாமல் திண்டாட வேண்டாம். சைரன் நேரத்தில் நீங்கள் கூப்பிடவே கூடாது. 'நல்லா இருக்கேன்' என்று அவர் அப்புறம் ஒரு மெசேஜ் போட்டால் போதும்.

அந்த வீடியோக்களில் ஒன்றாவது உங்கள் போனில் பதிவாகிக் கிடக்கும் என்று நினைக்கிறேன். டிக்கெட் போடுவதற்கு முன்னால், பையன் தூங்கிய பிறகு, இரண்டு பேரும் உட்கார்ந்து அதைப் போடுங்கள். வானத்தைப் பார்க்க வேண்டாம், சத்தத்தை மட்டும் கேளுங்கள். சைரன் கேட்கும், அதற்கு மேலே உங்கள் பிள்ளையின் சிரிப்பு.