மலைப்பாதையில் ஒளித்த கடிதப்பெட்டி: கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பண்டாரவளை): கடிதப்பெட்டி தேடுதல் என்றால் என்ன, ஐயா? பெட்டிக்குள் கடிதம் இருக்குமா?

பதில்: இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டார்ட்மூர் என்னும் மேட்டுநிலம் உள்ளது. அங்கே எளிதில் சென்றடைய முடியாத கிரான்மியர் பூல் என்ற இடத்தில், 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு போத்தலை வைத்து, வந்து சேர்ந்தவர்கள் தம் பெயரட்டையை அதில் இட்டுச்செல்ல வழிசெய்தார். பின்னாளில் வந்தவர்கள் தம் முகவரி எழுதிய தபாலட்டையை விட்டுச்செல்ல, அடுத்து வருபவர் அதை எடுத்துத் தபாலில் சேர்த்தார். பெயர் அதனால் நிலைத்தது. இன்று, ஒளித்தவர் எழுதிய வழிக்குறிப்பைப் பின்பற்றித் தேடும் பெட்டிக்குள் ஓர் இறப்பர் முத்திரையும் ஒரு குறிப்பேடும் இருக்கும். கண்டுபிடித்தவர் அம்முத்திரையைத் தம் ஏட்டிலும், தம் முத்திரையைப் பெட்டியின் ஏட்டிலும் பதித்துவிட்டு, பெட்டியை இருந்தபடியே ஒளித்துவைக்க வேண்டும்.

கேள்வி (ஹட்டன், ஆசிரியை): "மதகிலிருந்து 140 பாகையில் 70 இரட்டையடி" என்று குறிப்பு கூறியது. மாணவர்களுடன் மூன்று தடவை நடந்து, மூன்று வெவ்வேறு இடங்களில் நின்றோம். தவறு எங்கே, ஐயா?

பதில்: தவறு உங்களுடையது மட்டுமன்று, ஆசிரியை அவர்களே. 140 பாகை என்பது திசைகாட்டியில் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்த திசை. இரட்டையடி என்பது ஒரே கால் மீண்டும் நிலத்தில் படும் தூரம். அது ஆளுக்கு ஆள் மாறும். சமதரையில் 100 மீற்றர் அளந்து, ஒவ்வொரு மாணவரும் தம் எண்ணிக்கையை முதலில் அறிந்துகொள்ளட்டும். ஏற்றத்தில் அடி குறுகுவதால் அதே தூரத்துக்கு எண்ணிக்கை கூடும். வரைபடத்தில் தூரம் அளந்து எழுதிய குறிப்பென்றால் இன்னொரு வேறுபாடும் சேரும்: 30 பாகைச் சரிவில் 100 மீற்றர் நடந்தாலும் வரைபடத்தில் ஏறத்தாழ 87 மீற்றரே நகர்ந்திருப்பீர்கள். திசையில் 5 பாகை பிசகினால் 100 மீற்றர் முடிவில் ஏறக்குறைய 9 மீற்றர் விலகிவிடுவீர்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே 9 மீற்றர் என்பது வேறொரு நிரை. மதகில் இரும்புக் கம்பியோ குழாயோ இருந்தால், திசைகாட்டியை அதனருகே பிடிக்காமல் சில அடிகள் விலகி நின்று பாருங்கள். எண்ணி முடித்த இடத்தைப் பெட்டி இருக்கும் இடமாகக் கொள்ளாமல், அதைச் சுற்றி பத்து மீற்றர் வட்டத்தில், ஒளித்தவர் எந்தக் கல்லை விரும்பியிருப்பார் என்று சிந்தியுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): நானே ஒரு பெட்டி வைத்துக் குறிப்பு எழுத விரும்புகிறேன். எவற்றை அடையாளமாகக் கொள்ளலாம்?

பதில்: நிலைத்திருப்பதை மட்டும் கொள்ளுங்கள். என் முதல் குறிப்பில் "இடுப்பளவுத் தேயிலை முடியும் இடம்" என்று எழுதியிருந்தேன். கவ்வாத்து வெட்டிய பிறகு அந்த மலையில் முழங்காலளவுக் கட்டைகளே நின்றன, தேடி வந்தவர்கள் வெறுங்கையுடன் திரும்பினார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. கிராண்டிஸ் என்னும் யூக்கலிப்டஸ் மரமும் விறகுக்கு வெட்டப்படும். பாறை, மதகு, கற்படி, ஓடை கூடும் இடம் ஆகியவை நம்பத்தக்கவை. ஓடையின் இடக்கரை என்று எழுதினால், நீர் ஓடும் திசையை நோக்கி நின்று பார்த்த இடப்பக்கம் என்பதையும் சேர்த்தெழுதுங்கள். தோட்டக் காணியாயின் நிர்வாகத்தின் அனுமதி கட்டாயம். பெட்டியின் மேல், உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள். நம் நாட்டில் கேட்பாரற்ற பொதி மக்களை அச்சுறுத்தும்.

கேள்வி (நுவரெலியா): ஹோர்ட்டன் சமவெளியில் வைக்கலாமா?

பதில்: கூடாது. அது தேசியப் பூங்கா. பாதையை விட்டு விலகுவதே அங்கு தடை. ஹக்கல இயற்கை ஒதுக்கிடத்திலும் வைக்கக் கூடாது. ரயில் பாதையோரத்தையும் தவிருங்கள்.

கேள்வி (பதுளை): எந்த மாதங்களில் தேடிச் செல்வது நல்லது? அட்டைக்கடியை எண்ணித் தயங்குகிறோம்.

பதில்: ஹட்டன் பக்கத்து மேற்குச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை பொழியும், அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை செல்லுங்கள். உங்கள் ஊவாப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை பெரும்பாலும் வறண்டிருக்கும். மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் புறப்படவே வேண்டாம். அட்டைக்கு நீண்ட காலுறை போதும். நான் அஞ்சுவது குளவிக்கு. கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாவதை நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். ஆகவே மரப்பொந்திலோ பாறை இடுக்கிலோ கண்ணால் பாராமல் கையை நுழைக்காதீர்கள். பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியைக் கண்டால் தொடாமல், உடனே வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அவற்றில் சிறுத்தைகளும் சிக்கி இறக்கின்றன.

கேள்வி (கண்டி): ஏடு நனைந்து பூஞ்சணம் பிடிக்கிறதே?

பதில்: இறுக மூடும் பெட்டிக்குள் ஏட்டையும் முத்திரையையும் தனித்தனிப் பைகளில் இடுங்கள். பேனாவைத் தவிர்த்துப் பென்சில் வையுங்கள். தின்பண்டம் எதுவும் கூடாது. மணம் குரங்கையும் பன்றியையும் அழைக்கும்.

கேள்வி (அப்புத்தளை): தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் பெட்டியை எடுத்துவிடுவார்கள் என்று நண்பர் அஞ்சுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: அப்பிள்ளைகளிடமிருந்து மறைக்க முயலாதீர்கள். எந்த மலைக்கு என்ன பெயர், எந்த வடிகான் மழையில் நிரம்பும் என்பதெல்லாம் நம்மைவிட அவர்களுக்கே நன்கு தெரியும். என் இரண்டாவது பெட்டியை வைப்பதற்கு முன் அவர்களை அழைத்து, முத்திரை பதிக்கக் கற்றுக்கொடுத்து, குறிப்பில் வரும் இடப்பெயர்களை அவர்களிடமே கேட்டு எழுதினேன். அந்த ஏட்டின் முதற்பக்கத்தில் இருப்பவை, உருளைக்கிழங்கை வெட்டி அவர்கள் செய்த ஆறு முத்திரைகள். பெட்டி இன்றும் அதே பாறைக்கடியில் இருக்கிறது.