மங்கலான நெபுலாக்கள் (விண்வெளியின் வாயு, தூசி மேகங்கள்): தருமபுரி, கிருஷ்ணகிரி நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

பாலக்கோடு: அண்ணா, என்னிடம் 80 மி.மீ. டெலஸ்கோப், குவியத் தொலைவு 400 மி.மீ. ரோசெட் நெபுலா தெரியுமா?

தெரியும் தம்பி. 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைக்கும் பக்கத்து லென்ஸ்) போடுங்கள். 16 மடங்குதான் வரும், அதுவே சரி. ரோசெட் முழுநிலவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அகலம். அதிகம் பெருக்கினால் பார்வை வட்டத்துக்குள் அடங்காது. முதலில் நடுவில் இருக்கும் விண்மீன் கொத்தைப் பிடியுங்கள். அப்புறம் தலையோடு கறுப்புத் துண்டைப் போர்த்திக்கொண்டு, கொத்துக்குக் கொஞ்சம் ஓரமாகப் பாருங்கள். குழாயை விரலால் மெல்லத் தட்டினால், அசையும்போது சாம்பல் வளையம் தெரியும், நின்றதும் கரைந்துவிடும். நெபுலா ஒளியை விட்டு மற்ற வெளிச்சத்தைப் பெரிதும் தடுக்கும் யுஎச்சி (UHC) ஃபில்டர் இருந்தால் இன்னும் துலங்கும். ஆனால் அரைமணி நேரமாவது இருட்டில் உட்கார்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும். அதுவரை செல்போனைத் தொடாதீர்கள்.

ஓசூர்: மொட்டை மாடியிலிருந்து ரோசெட்?

நகர வெளிச்சத்தில் கொத்து தெரியும், நெபுலா தெரியாது. பென்னாகரம் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே போங்கள்.

கிருஷ்ணகிரி: படத்தில் சிவப்பு, எனக்குச் சாம்பல். லென்ஸ் கோளாறா?

இல்லை. மங்கிய ஒளியில் வேலை செய்யும் கண் செல்களுக்கு நிறம் தெரியாது. கேமரா பல நிமிடம் ஒளியைச் சேர்க்கிறது, கண்ணால் அது முடியாது.

அரூர்: கரினா நெபுலா இங்கே அடிவானத்திலிருந்து 18 டிகிரிதான் ஏறும். அங்கிருக்கும் தூசிக்குள் பார்ப்பது வீண் வேலை சார்.

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். லண்டனில் அது உதிப்பதே இல்லை, நமக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. ஓரியன் நெபுலாவைவிடப் பல மடங்கு பெரியது, இருட்டில் வெறும் கண்ணுக்கே தெரியும். ஏப்ரல் முதல் வாரம், இரவு பத்து மணி, தெற்கு அடிவானம் திறந்த இடம். தெற்குச் சிலுவை என்ற விண்மீன் கூட்டத்துக்கு வலப்பக்கம் தேடுங்கள்.

தருமபுரி: நிறம் ஏன் தெரியவில்லை?

கிருஷ்ணகிரி நண்பருக்குச் சொன்ன பதில்தான்.

அஞ்செட்டி: காட்டு ரோட்டோரம் நல்ல இருட்டு. போகலாமா?

வேண்டாம். யானை நடமாடும் இடம் அது. டெலஸ்கோப்பில் கண் வைத்திருப்பவருக்குப் பின்னால் வருவது தெரியாது. ஊருக்குள் வீட்டு மாடியே போதும். செல்போன் அங்கேயும் கூடாது.

சூளகிரி: எந்த கேமரா வாங்கலாம்?

படம் எடுப்பது என் துறை அல்ல. எடுப்பவர்களிடம் கேளுங்கள்.

அரூர்: சார், போன மே பாதியில் இரவு 11 மணிக்குப் பார்த்தேன். கரினா இல்லையே!

அந்த நேரத்தில் அது தென்மேற்கில் ஏழெட்டு டிகிரிக்கு இறங்கியிருக்கும். அங்கே தூசி இருப்பது உண்மைதான். இந்த முறை ஏப்ரலில், கோடை மழை பெய்து வானம் கழுவிவிட்ட இரவில், நிலா இல்லாதபோது பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.