கடற்கரை நடைக்குப் பிறகு நாய்க்கு வயிற்றுப்போக்கு: காரணம் அந்தப் பந்தாக இருக்கலாம்

கடற்கரைக்குப் போய்வந்த இரவெல்லாம் உங்கள் லேப்ரடாருக்குத் தண்ணியாகப் போகிறது, பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அலைக்குள் பந்து எறிந்து விளையாடுவதாகவும் சொன்னீர்கள். எனக்கு அந்தப் பந்தின் மேல்தான் சந்தேகம்.

பந்தைக் கவ்வும் ஒவ்வொரு முறையும் ஒரு வாய் உப்புத்தண்ணீர் உள்ளே போகிறது. அந்த உப்பு உடம்பிலுள்ள நீரைக் குடலுக்கு இழுத்துவிடும். என் நாயும் இப்படித்தான் அவதிப்பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, பந்தோடு திரும்பும்போது கடைவாயில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே வந்தது. அன்றோடு தண்ணீருக்குள் எறிவதை விட்டேன். காய்ந்த மணலிலும் வேண்டாம், பந்தில் ஒட்டும் மணல் வயிற்றில் சேர்ந்து குடலையே அடைத்துவிடலாம். ஈரமணலில் கயிற்றோடு நடப்பதே நல்லது.

கிளம்பும் முன் நல்ல தண்ணீர் கொடுங்கள். வழியிலும் கிண்ணத்தில் ஊற்றி அடிக்கடி காட்டுங்கள். தாகமெடுத்தால் நாய் கடல்நீரையும் நக்கும்.

பாதத்துக்கு: வீடு வந்ததும் விரலிடுக்கு வரை நல்ல தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். வெயில் நேரமென்றால் புறங்கையை மணலில் ஐந்தாறு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

கரையொதுங்கிய மீனை முகரவோ தின்னவோ விடாதீர்கள். உடம்பைப் பந்துபோல ஊதிக்கொள்ளும் பேத்தை மீனின் விஷம் உயிரையே எடுக்கும்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: விடாத வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு, இதில் எது வந்தாலும் அந்த இரவே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.