காரைக்குடியிலிருந்து ஆய்வு ரெசிடென்சிக்கு எப்படி விண்ணப்பிப்பது?

ஆத்தங்குடிக் கல்லை, அதாவது செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் வண்ணக் கல்லை, வைத்து ஓவியம் செய்வதாகவும், கலைஞர்கள் ஓரிடத்தில் தங்கி ஆய்வு செய்ய உதவும் இந்த ரெசிடென்சிக்கான முன்மொழிவில் என்ன எழுதுவதென்றே தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

என்ன படைப்பீர்கள் என்பதைவிட எதைத் தேடுகிறீர்கள் என்று எழுதுங்கள். 'செட்டிநாட்டுப் பாரம்பரியம்' என்று பொதுவாக எழுதினால் மனசில் நிற்காது. பட்டறையில் கண்ணாடிமேல் அச்சை வைத்து, அதன் அறை அறையாக வண்ணச் சாந்து ஊற்றுகிறார்களே, எவ்வளவு ஊற்றவேண்டும் என்று அந்தக் கைக்கு எப்படித் தெரிகிறது? இப்படி ஒரு கேள்வி போதும்.

அதற்கு எங்கே போகவேண்டும் என்பதையும் சொல்லுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அங்கே எதைப் பார்க்கவேண்டும் என்று குறிப்பிட்டால் உங்கள் உழைப்பு தெரியும்.

ஓவியமாக மட்டும் முடிந்துவிடாத ஒரு வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரருக்கான கூலியை பட்ஜெட்டில் தனியாகப் போடுங்கள், தயவுசெய்து மறக்காதீர்கள்.