கோட்டைத் தாண்டினால் சுடுவோம்

கேள்வி: கதை வரவில்லை, டெட்லைன் தாண்டிவிட்டது என்று எழுத்தாளர்களைப் பற்றி அடிக்கடி புலம்புகிறீர்கள். அதில் ‘டெட்’ எங்கிருந்து வந்தது? ‘காலகெடு’ என்று அழகான தமிழ்ச் சொல் இருக்க, ஏன் இந்த ஆங்கில மோகம்?
— ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: முதலில், அது காலக்கெடு. நடுவில் ஒரு ‘க்’ உண்டு. தமிழ்ப் பற்று பொங்கும் கடிதங்களில்தான் ஒற்றுகள் அதிகம் தொலைகின்றன. இருபது வருடமாகச் சொல்லி வாய் வலிக்கிறது. திருத்தாமலே போட்டிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

‘டெட்’ நிஜச் சாவுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், தெற்குப் படை ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் போர்க் கைதிகளைத் திறந்தவெளியில் அடைத்தது. சுற்றிலும் மரச்சுவர். சுவருக்குச் சுமார் 19 அடி உள்ளே, குச்சி நட்டுச் சட்டம் அடித்த ஒரு நோஞ்சான் வேலி. அதுதான் டெட்லைன். தாண்டினால் காவல் பரணிலிருந்து சுடுவார்கள். அந்தப் பரணுக்குக் கைதிகள் வைத்த பெயர் புறாக்கூண்டு! சுமார் 45,000 பேர் அடைபட்டு, ஏறக்குறைய 13,000 பேர் செத்தார்கள். குண்டைவிட வயிற்றுப்போக்கும் பட்டினியுமே அதிகம் கொன்றன. சிறைத் தலைவன் ஹென்றி விர்ஸை 1865 நவம்பரில் தூக்கில் போட்டார்கள்.

அச்சு இயந்திரத்திலும் ஒரு டெட்லைன் இருந்தது. அதற்கு வெளியே வைத்த எழுத்து பதியாது. எந்தக் கோடு பத்திரிகை ஆபீசுக்குள் வந்து நேரமாக மாறியது என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் சண்டை போடட்டும்.

சரி, தமிழுக்கு வருவோம். சொல்லிப் பார்க்காமலா இருப்பேன்? ‘பத்தாம் தேதி கெடு’ என்று ஒரு நண்பருக்கு எழுதினேன். அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு பத்தாம் தேதியைக் கெடுத்தார். அப்புறம் இருபதையும். தீபாவளி மலருக்குக் கேட்ட கதை பொங்கல் மலருக்குத்தான் வந்தது. முதல் வரி, ‘வெளியே பட்டாசுச் சத்தம்’. போன் செய்தேன். “அதனால் என்ன சார், பட்டாசை எடுத்துவிட்டுக் கரும்பைப் போட்டுக்கொள்ளுங்கள்” என்றார். உதவி ஆசிரியரிடம் சொன்னேன். அவர் சொன்னதைச் செய்கிறவர். ‘வெளியே கரும்புச் சத்தம்’ என்று அச்சாகிவிட்டது.

படிமம் பிரமாதம் என்று நான்கு கடிதங்கள் வந்தன. ஒன்று பட்டுக்கோட்டையிலிருந்து.