மாதம் 75,000 ஒப்பந்தம், மாதத் தவணை 17,600: கையெழுத்திடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. வேதியியல் இளங்கலை படித்துப் பயிற்சிச் சான்றிதழும் பெற்று, பெங்களூரில் ஒரு பெஸ்ட் கண்ட்ரோல் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். நான்கு ஆண்டுகளாகக் கிருஷ்ணகிரியில் உரிமம் பெற்றுச் சொந்தமாக இதே தொழிலைச் செய்து வருகிறேன். என்னிடம் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். கடந்த ஆண்டின் மொத்த பில் தொகை 27 லட்சம் ரூபாய். வீடுகளுக்குக் கரையான் மருந்து, ஓசூர் உணவகங்களின் ஆண்டு ஒப்பந்தங்கள், பருவத்தில் மாங்கூழ் ஆலைகள், தருமபுரிப் பக்கம் இரண்டு புளிக் கிடங்குகள் என்று வேலை ஓடுகிறது. இப்போது ஓசூரில் உள்ள ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை, மாதம் 75,000 ரூபாய்க்கு (ஜி.எஸ்.டி. தனி) இரண்டு ஆண்டு ஒப்பந்தம் தருவதாகச் சொல்கிறது. மூன்று ஆட்களை அங்கேயே முழுநேரம் நிறுத்த வேண்டும், அவர்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும்; பில் தொகை 90 நாளில் வரும். இதற்காகப் பழைய வேன் ஒன்றும் புகை அடிக்கும் இயந்திரமும் வாங்க 8 லட்சம் கடன் கேட்டிருக்கிறேன். 11.5% வட்டியில் ஐந்து ஆண்டுக்குத் தர வங்கி முன்வந்துள்ளது, ஆனால் வருமான வரிக் கணக்கைப் பார்த்துவிட்டு இழுத்தடிக்கிறது. கிடைக்காவிட்டால் மனைவியின் நகைகளை அடகு வைக்கலாமா? கையிருப்பு 2,40,000 ரூபாய் இருக்கிறது.

பதில்: கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய பில் பட்டியலையும் ஒப்பந்த விவரங்களையும் பார்த்தேன். கடன் கிடைக்குமா என்பதற்கு முன்னால், இந்த ஒப்பந்தம் அந்தக் கடனைச் சுமக்குமா என்பதைப் பார்த்துவிடுவோம்.

ஒரு ஆளுக்கு 15,000 ரூபாய் சம்பளம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதன்மேல் முதலாளி பங்காக பி.எஃப். வகையில் நிர்வாகக் கட்டணம் உட்பட 13 சதவீதம், இ.எஸ்.ஐ. வகையில் 3.25 சதவீதம் சேர்த்தால், ஒருவருக்கு மாதம் ஏறக்குறைய 17,440 ரூபாயும் மூன்று பேருக்கு 52,300 ரூபாய்க்குச் சற்று மேலும் ஆகிறது. மருந்து, கரப்பான் ஜெல், எலிக்கு வைக்கும் ஒட்டு அட்டை ஆகியவற்றுக்கு 9,000, போக்குவரத்துக்கு 5,000 என்பது உங்கள் சொந்தக் கணக்கு. ஆக மாதச் செலவு சுமார் 66,500, மிச்சம் 8,500. நீங்கள் கேட்டிருக்கும் 8 லட்சத்துக்கு மாதத் தவணையோ ஏறக்குறைய 17,600. தீபாவளி போனஸையும், ஆள் வராத நாளில் நீங்களே போய் நிற்கும் நேரத்தையும் சேர்க்காமலேயே, ஒவ்வொரு மாதமும் 9,000 ரூபாயைப் பழைய வேலைகளிலிருந்து எடுத்து இந்தப் புதிய வேலைக்குப் போட வேண்டியிருக்கும்.

தவிர, மூன்று ஆட்களும் தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கப்போகிறவர்கள் என்றால் வேன் யாருக்கு? பக்கவாட்டில் பெயர் எழுதிய வண்டி ஓசூர் சாலையில் போவதைப் பார்க்கும் ஆசை எனக்குப் புரிகிறது. நானும் அலுவலகம் தொடங்கிய புதிதில் தேவையில்லாத ஒரு பெரிய மேசையை வாங்கினேன். வேனை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். புகை இயந்திரம் வேண்டுமென்றால் அதை மட்டும் வாங்கலாம்.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது நடைமுறை மூலதனம், அதாவது பில் பணம் வரும்வரை அன்றாடச் செலவை ஓட்டும் பணம். முதல் மாத வேலைக்கு அந்த மாதக் கடைசியில் பில் போட்டு, 90 நாள் கழித்துப் பணம் வருகிறது என்றால், அது கைக்கு வருவது நான்காம் மாதக் கடைசியில்தான். அதற்குள் நான்கு மாதச் செலவு 2,66,000 ரூபாய் போயிருக்கும். வாடிக்கையாளர் பணம் தந்தாலும் தராவிட்டாலும் பில் போட்ட மாதத்துக்கான ஜி.எஸ்.டி.யை அடுத்த மாதமே கட்ட வேண்டும் என்பதால், மாதம் 13,500 வீதம் மூன்று மாத வரி 40,500 ரூபாயும் உங்கள் கையிலிருந்துதான் போயிருக்கும். மருந்து வாங்கும்போது நீங்கள் கட்டிய ஜி.எஸ்.டி.யை (உள்ளீட்டு வரி) கழித்தால் சற்றுக் குறையும். ஆக மூன்று லட்சம் ரூபாய் எப்போதும் அந்தத் தொழிற்சாலையிடம் சிக்கிக் கிடக்கும். அதையே 45 நாளாக மாற்றினால், மூன்றாம் மாத நடுவில் முதல் பணம் வந்துவிடும். சிக்கும் தொகை ஒன்றரை லட்சத்துக்குள் அடங்கும்.

45 நாள் என்பது நீங்கள் கெஞ்சிக் கேட்க வேண்டிய சலுகை அன்று. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தர 45 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாகச் சேரும். இந்தப் பாதுகாப்புக்குக் குறு, சிறு நிறுவனமாக அரசிடம் செய்துகொள்ள வேண்டிய உத்யம் பதிவு பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. பதிவு இலவசம், இணையத்தில் நீங்களே செய்யலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள், ஏனென்றால் வேலை முடிந்தபின் பதிவு செய்துகொண்டு பழைய பில்களுக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பைக் கேட்க முடியாது. வாங்கும் நிறுவனங்கள் வட்டிக்குப் பயப்படுவது குறைவு, வருமான வரிக்குப் பயப்படுவது அதிகம். 2023-24 நிதியாண்டு முதல், குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய கெடுவுக்குள் தராமல் நிலுவையில் வைத்த தொகையை, அதை உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். எனவே சட்டத்தைச் சொல்லி மிரட்ட வேண்டாம். உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லின் தலையிலும் அச்சிடுங்கள். அந்த எண் எதற்கு என்று அவர்களுடைய கணக்குப் பிரிவுக்குத் தெரியும்.

இனி உங்கள் கையிருப்பு. நீங்கள் சேமிப்பு என்று எழுதியிருக்கும் 2,40,000 ரூபாயில் பெரும்பகுதி உங்களுடையது அன்று. உணவகங்களிடமும் வீடுகளிடமும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு (ஏ.எம்.சி.) முழு ஆண்டுத் தொகையை முன்கூட்டியே வாங்கிவிடுகிறீர்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலின்படி இனிமேல் செய்து தர வேண்டிய முறைகளின் மதிப்பு மட்டும் 1,55,000 ரூபாய். அந்தப் பணம் வேலை செய்து முடிக்கும்வரை வாடிக்கையாளரின் பணம். அதை வேனுக்கோ தொழிற்சாலை ஆட்களின் சம்பளத்துக்கோ எடுத்தால், ஆறு மாதம் கழித்து ஓர் உணவகத்தின் சமையலறைக்கு மருந்து அடிக்கப் போகும்போது மருந்து வாங்கக் கையில் பணம் இருக்காது. முன்பணமாக வாங்கும் சேவைத் தொகைக்கு வாங்கிய மாதக் கணக்கிலேயே ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உங்களுடைய சொந்தக் கையிருப்பு 85,000-க்கு மேல் இல்லை. தனியாக ஒரு கணக்குத் திறந்து, ஏ.எம்.சி. பணம் வந்ததும் அதில் போட்டு, ஒவ்வொரு முறையும் வேலை முடிந்து வாடிக்கையாளர் அட்டையில் கையெழுத்திட்ட பிறகு அந்த முறைக்கான பங்கை மட்டும் நடப்புக் கணக்குக்கு மாற்றுங்கள்.

இதைவிட நீளமான கடன் கரையான் வேலையில் இருக்கிறது. நம் மாவட்டங்களின் செம்மண்ணில் கரையான் வேலைக்குப் பஞ்சமில்லை என்பது உண்மை. கடந்த ஆண்டு 40 இடங்கள், சராசரி 12,000 ரூபாய், ஐந்து ஆண்டு உத்தரவாதம். அதில் ஆறு பேர் திரும்ப அழைத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பேருக்கு அரை நாள் கூலி, பெட்ரோல், மருந்து சேர்த்து ஓர் அழைப்புக்கு 1,800 ரூபாய் என்றால் ஆறு அழைப்புக்கு 10,800 ரூபாய். இது சிறிதாகத் தெரியும். ஆனால் ஆண்டுக்கு 40 இடம் வீதம் ஐந்தாம் ஆண்டில் 200 இடங்கள் உங்கள் உத்தரவாதத்தின் கீழ் இருக்கும். அதே விகிதத்தில் ஆண்டுக்கு 30 அழைப்பு, அதாவது 54,000 ரூபாய். எனவே ஒவ்வொரு கரையான் வேலையிலும் 1,350 ரூபாயை எடுத்து வைக்காதவரை, அந்த 12,000 முழுவதும் வருமானம் என்று எழுதக் கூடாது.

போட்டியாளர் பாதி விலைக்குச் செய்கிறார் என்றும் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். புதுக் கட்டடத்துக்கான ஐ.எஸ். 6313 தரநிலைப்படி, தளம் போடுவதற்கு முன் மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல் ஊற்ற வேண்டும். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். 465 லிட்டர் கரைசல். இமிடாகுளோப்ரிட் 30.5 எஸ்.சி. மருந்தை லிட்டருக்கு 2.1 மில்லி கலந்தால், தரைக்கு மட்டும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் மருந்து. அந்த ஒரு லிட்டரின் கொள்முதல் விலையை எழுதி, போட்டியாளரின் மொத்த விலையை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அவர் என்ன ஊற்றுகிறார் என்பது வீட்டுக்காரருக்கும் விளங்கிவிடும். விலை கேட்டு வருபவரிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுவது, விலையைக் குறைப்பதைவிட நன்றாக வேலை செய்யும்.

பட்டியலில் கண்ணில் பட்ட இன்னொன்று, நீங்கள் கேட்காதது. புளிக் கிடங்குகளின் பில்லில் ஜி.எஸ்.டி. இல்லை, 'விவசாயப் பொருள், வரி விலக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். கிடங்கில் வைத்த விளைபொருளுக்குப் புகையூட்டும் சேவைக்கு இருந்த விலக்கு 2022 ஜூலை 18 முதல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்கும் 18 சதவீதம்தான். ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் பில்லுக்கு 32,400 ரூபாய் வரி நிலுவை, அதன்மேல் ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. வரித் துறை நோட்டீஸ் அனுப்பும்வரை காத்திருக்காமல், உங்கள் கணக்காளரிடம் சொல்லி டி.ஆர்.சி.-03 படிவத்தில் தாமாக முன்வந்து கட்டிவிடுங்கள். கிடங்கில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கிறீர்கள் என்றால், அதற்குச் சாதாரண உரிமம் போதாது, தனி ஒப்புதல் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2024 நவம்பரில் சென்னைக்கு அருகே குன்றத்தூரில், எலிக்காக வீட்டில் மருந்து வைத்த பிறகு இரண்டு குழந்தைகள் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. உங்கள் செலவுப் பட்டியலில் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. வேன் வாங்க நினைத்த பணத்தில் முதல் செலவு அந்தப் பிரீமியமாக இருக்கட்டும்.

வங்கி ஏன் இழுக்கிறது என்பதற்கு வருவோம். செலவுக் கணக்கு காட்டாமல் வரவில் ஒரு சதவீதத்தையே லாபமாகக் காட்டும் உத்தேச வருமான முறையில், வங்கி வழியாக வந்த வரவுக்கு 6 சதவீதம் என்று 1,62,000 ரூபாயை ஆண்டு வருமானமாகக் காட்டியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்கும் கடனின் ஆண்டுத் தவணையே 2,11,000 ரூபாய். மேலாளர் வேறு என்ன செய்வார்? 6 சதவீதம் என்பது குறைந்தபட்ச வரம்பு. உண்மையில் அதற்கு மேல் லாபம் வந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். அடுத்த கணக்கில் உண்மை லாபத்தைக் காட்டுங்கள். வரி பெரிதாக ஏறாது, வங்கியில் மதிப்பு ஏறும்.

இப்போதைக்கு 8 லட்சம் தவணைக் கடனை விட்டுவிட்டு, அதே வங்கியில், தேவைப்படும்போது எடுத்துப் பணம் வந்ததும் திருப்பிக் கட்டும் ஓ.டி. அல்லது சி.சி. வரம்பாக 3 லட்சம் கேளுங்கள். சிறு தொழிலுக்கு எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம்வரை நடைமுறை மூலதனம் தருவது வங்கிகள் பின்பற்றும் கணக்கு; பழைய 27 லட்சமும் தொழிற்சாலையின் 9 லட்சமும் சேர்ந்த உங்கள் 36 லட்சத்துக்கு அது 7,20,000 வரும், ஆகவே 3 லட்சம் அதிகமான கோரிக்கை அன்று. முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவு 5 லட்சம்வரை என்பதால் அதிலும் அடங்கும். முழுவதும் எடுத்தால்கூட மாத வட்டி 2,900 ரூபாய்க்குள். பணம் வந்ததும் கட்டினால் இன்னும் குறையும். நகை வேண்டாம். 90 நாள் கெடுவில் வர வேண்டிய பணத்தை நம்பி அடகு வைத்தால், நகை திரும்பும் தேதியைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவுதான் முடிவு செய்யும்.

கையெழுத்திடலாமா என்றால், இன்றுள்ள வடிவில் வேண்டாம். அடுத்த பேச்சில் இரண்டு வழிகளைத் தொழிற்சாலைக்காரர்கள் முன் வையுங்கள். மூன்று ஆள் கட்டாயம் என்றால் மாதம் 92,000 ரூபாய். 75,000-தான் முடியும் என்றால், பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என இரண்டு நிரந்தர ஆட்கள், வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் கிருஷ்ணகிரி ஆட்களைக் கொண்டு முழு வளாகத்துக்கும் மருந்து. அப்போது செலவு 49,000 அளவில் நிற்கும், ஞாயிறு கூலி போகவும் மாதம் 20,000 ரூபாயாவது மிஞ்சும். எதற்கு ஒப்புக்கொண்டாலும் 45 நாள் கெடுவும், குறைந்தபட்சக் கூலியின் அகவிலைப்படி ஏப்ரலில் உயரும்போது ஒப்பந்தத் தொகையும் அதற்கேற்ப உயரும் என்ற வரியும் எழுத்தில் இருக்க வேண்டும். அவர்கள் வருமான வரியாக ஒரு சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். மாதம் 75,000-க்கு அது 750 ரூபாய், ஆண்டுக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் மறுத்துவிட்டால் விட்டுவிட்டு வாருங்கள். மாங்கூழ் ஆலைகள் மே மாதத்தில் திறக்கும்போது ஈ மருந்துக்கு உங்களைத்தான் கூப்பிடப் போகிறார்கள், அப்போது ஆட்கள் மூவரும் உங்கள் கையில் இருப்பார்கள்.